முதல் 60 அடி

என் காரின் டேஷ்போர்டுக்குள் இரண்டு துண்டுச் சீட்டுகள் கிடக்கின்றன. மளிகைக்கடை பில் மாதிரி மெல்லிய காகிதம், எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மிச்சிகனில் மிலான் என்ற ஊரிலுள்ள டிராக் ஸ்ட்ரிப்பில் வாங்கியவை. ஒன்று என்னுடையது, மற்றது நண்பருடையது. எங்கள் இரண்டு கார்களும் ஒரே மாடல், ஒரே வி8 இன்ஜின். டயர்கூட ஒரே ரகம்தான். கியர்பாக்ஸ் மட்டும் வேறு. என்னுடையது 6 கியர் மேனுவல், அவருடையது 10 கியர் ஆட்டோமேட்டிக்.

அவர் சீட்டில் 12.4 வினாடி. என் சீட்டில் 13.2.

டிராக் ரேஸ் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர் ஓடும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தவர். 0.8 வினாடி என்பது காதில் விழும்போது ஒன்றுமில்லாததுபோல இருக்கும். முடிவுக்கோட்டில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 40 மீட்டர். நடுவில் எட்டு கார்களை வரிசையாக நிறுத்தலாம்.

தோற்றதைவிட அதிகம் குடைந்தது நண்பர் சொன்னதுதான். கோயம்புத்தூர்க்காரர், பொய் பேசத் தெரியாதவர். சீட்டைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னார்: “நான் ஒண்ணுமே பண்ணலைங்க. மிதிச்சேன், போயிருச்சு.”

நான் எவ்வளவோ பண்ணினேன். இடதுகால், வலதுகால், வலதுகை, காது, கண் எல்லாம் வேலை செய்தன. எல்லாவற்றுக்கும் பிறகு எட்டு கார் நீளம் பின்னால்.

என் அப்பா நாமக்கல் லாரி டிரைவர். அவர் காலத்து லாரி கியர்பாக்ஸில் கிளட்ச்சை ஒருமுறை மிதித்தால் போதாது. நியூட்ரலுக்கு ஒருமுறை, அடுத்த கியருக்கு ஒருமுறை என்று இரண்டு மிதி. நடுவில் இன்ஜின் வேகத்தைச் சரியாகக் கொண்டுவராவிட்டால் பல் கரகரவென்று அலறும். லீவு நாட்களில் காலி லாரியில் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “கண்ணு ரோட்டுல இருக்கட்டும். வண்டி என்ன கேக்குதுன்னு காதுல கேளு.” அந்தக் காதை நம்பித்தான் இவ்வளவு வருஷம் ஓட்டினேன். கியர் போடத் தெரிந்தவன்தான் டிரைவர், ஆட்டோமேட்டிக் என்பது தெரியாதவர்களுக்கு என்று எனக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருந்தது. அந்தச் சீட்டு அதைக் கேள்வி கேட்டது. அதற்குப் பிறகு படித்ததையும் பார்த்ததையும் என் சொந்த வண்டியில் செய்துபார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சீட்டில் கடைசி எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மேலே இருக்கும் சின்ன எண். சிக்னலுக்கு நீங்கள் அசைய எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அடுத்த வரியில் ‘60’ என்று இருக்கும். முதல் 60 அடியைக் கடக்க ஆன நேரம். 18 மீட்டர், இரண்டு பஸ் நீளத்துக்கும் குறைவு. அந்த இடத்தில் நண்பருக்கு 1.9, எனக்கு 2.2. மொத்தக் காரியமும் அங்கேயே பாதி முடிந்துபோயிருந்தது. முதல் 60 அடியில் விட்ட ஒவ்வொரு பத்தில் ஒரு வினாடியும் கடைசியில் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்பது ஸ்ட்ரிப்பில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் விட்ட 0.3, கோட்டருகே 0.5 ஆகிவிட்டது. மீதி 0.3 கியர் மாற்றியதில் போனது.

அந்த 18 மீட்டரில் என்னதான் நடக்கிறது?

இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் எப்படியாவது சேர்த்துவைக்க வேண்டும். இரண்டுக்கும் வேகம் ஒன்றாகும்வரை அந்த வித்தியாசத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். மேனுவல் வண்டியில் வாங்கிக்கொள்வது கிளட்ச் தட்டு. அதை நடத்துவது உங்கள் இடதுகால். ஏற்காடு மலையில் ஊசி வளைவில் வண்டி நின்று, பின்னால் பஸ் ஒட்டி நிற்கும்போது அரை கிளட்ச்சில் தாங்கிப்பிடித்து எடுத்திருப்பீர்களே, அதே வேலைதான். டிராக் ஸ்ட்ரிப்பில் இன்ஜின் 4,000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும், தரையில் பசை தெளித்திருப்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே கால் தவறினால் மூன்றில் ஒன்று நடக்கும். கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகையும். பயந்து ஆக்சிலேட்டரைக் குறைத்தால் இன்ஜின் அமுங்கித் திணறும். டயரும் பிடித்து, கிளட்ச்சும் பிடித்து, இன்ஜினும் முழு பலத்தில் இருந்தால் அந்த அடி முழுவதும் பின் ஆக்ஸிலில் இறங்கும். நல்ல பிடிப்புள்ள தரையில் மேனுவல் கார்களின் ஆக்ஸில் முறிவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்து, டயர் சுற்றுவதும் சுற்றாததுமாக. அந்த இடத்தை ஒருமுறை பிடிக்கலாம். ஒரே சாயங்காலத்தில் ஆறு முறை பிடிப்பது சாதாரண மனிதர்களால் ஆகிற காரியமில்லை. தட்டு சூடாகச் சூடாக அந்த இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். உள்ளே எண்ணெய் நிறைந்த ஓர் உருளை. தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டு வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், மிதக்கிற செம்பும் சேர்ந்து சுற்றும். கைக்கும் செம்புக்கும் தொடர்பு இல்லை, தண்ணீர்தான் இழுத்துப் போகிறது. கன்வெர்ட்டரில் இன்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி வீசுகின்றன. கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அதை வாங்கிச் சுற்றுகின்றன. நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரம் உண்டு, ஸ்டேட்டர் என்று பெயர். வேலை முடிந்து திரும்பி வரும் எண்ணெயை அது இன்ஜினுக்கு உதவுகிற திசையில் திருப்பிவிடுகிறது. இதன் பலனைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு ஆட்டோமேட்டிக் மேல் மரியாதை வந்தது. வண்டி கிளம்பும் நொடியில் கன்வெர்ட்டர் இன்ஜினின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது. கிளட்ச் தட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வந்ததைத்தான் கொடுக்கும். கூட்டிக் கொடுக்காது.

அதோடு எண்ணெய்க்கு அதிர்ச்சியை விழுங்கும் குணமும் உண்டு. டயருக்கும் ஆக்ஸிலுக்கும் போகிற அடி மெத்தென்று போகிறது. ஆறு முறை கிளம்பினால் ஆறும் ஒன்றுபோலவே இருக்கும்.

ரேஸ்காரர்கள் இதற்கு மேலேயும் போனார்கள். கன்வெர்ட்டரின் இறக்கைகளை மாற்றி, இன்ஜின் நன்றாக இழுக்கும் சுற்றுக்கு வந்த பிறகே அது இறுகிப் பிடிக்கும்படி செய்தார்கள். இதை ஸ்டால் வேகம் என்பார்கள். சாதாரணக் காரில் அது 2,000 சுற்றை ஒட்டி இருக்கும். ரேஸ் வண்டியில் 5,000க்கு மேலும் வைப்பார்கள். பிறகு வந்தது டிரான்ஸ்பிரேக். முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் போட்டு கியர்பாக்ஸைத் தனக்குள்ளேயே பூட்டிவிடுவது. வண்டி அசையாது, இன்ஜின் முழு மூச்சில் நிற்கும். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் ரிவர்ஸ் மட்டும் விடுபட்டு வண்டி பறக்கும். பாதம் செய்யும் வேலையை விரல்நுனிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

டர்போ வண்டிகளுக்கு இது வரப்பிரசாதம். டர்போவுக்குப் புகை வேகமாகப் போய்க்கொண்டே இருந்தால்தான் காற்றழுத்தம் ஏறும். டிரான்ஸ்பிரேக்கில் நிற்கும்போதே அழுத்தத்தை ஏற்றிவைத்துக்கொள்ளலாம். மேனுவலில் ஒவ்வொரு கியருக்கும் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டும், அழுத்தம் விழும், மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். 1993இல் வந்த டொயோட்டா சூப்ரா டர்போவின் 6 கியர் மேனுவல் பாக்ஸ் பெயர் பெற்றது, அதற்காகவே அந்தக் காரைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அதே காரை டிராக்குக்கென்று 1,000 குதிரைத் திறனுக்கு மேல் ஏற்றுகிற பலர், அந்த பாக்ஸைக் கழற்றிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை மாட்டுகிறார்கள். 1964 மாடல் காடிலாக் கார்களுக்காக வந்த பாக்ஸ் அது. முதலாளி பின்சீட்டில் அலுங்காமல் போவதற்காகச் செய்தது, ஜப்பான் பந்தயக் காருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், கியர் மாற்றும் நேரம். மேனுவலில் ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் சக்கரத்துக்கு இன்ஜினின் இழுவை கிடையாது. வண்டி சும்மா மிதக்கிறது. எனக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் கால் வினாடிக்கு மேலேயே ஆகிறது, மூன்று முறை மாற்றுகிறேன். ஆட்டோமேட்டிக்கில் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். ஒரு கிளட்ச் தொகுதி விடும்போதே அடுத்தது பிடிக்கும். இழுவை அறுவதே இல்லை.

அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே ஆட்டோமேட்டிக்தான் ஜெயித்ததா என்றால், இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். 1939இல் அறிமுகமாகி 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது. உலகப் போரில் அமெரிக்காவின் இலகுரக டாங்குகளுக்குள்ளேயும் அது போனது. கனமானது, இன்ஜின் பலத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். ஆனாலும் 1950களில் கலிஃபோர்னியாவில் பி அண்ட் எம் என்ற சின்னப் பட்டறை அதைப் பிரித்து, பலப்படுத்தி, கியரை ஓட்டுபவரே தேர்ந்தெடுக்கும்படி மாற்றி ரேஸ்காரர்களுக்கு விற்றது. 60களின் தொடக்கத்தில் ஸ்டோன், உட்ஸ், குக் அணியின் வில்லிஸ் கார் பேர்வாங்கியது அந்த மாதிரி ஹைட்ரோ பாக்ஸை வைத்துத்தான்.

அதே காலத்தில் டெட்ராய்ட்டில் கிரைஸ்லர் இன்ஜினியர்கள் சிலர் வேலை முடிந்த பிறகு ஒன்றுகூடி ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் டாட்ஜ் கார்களை ஓட்டினார்கள். டார்க்ஃப்ளைட் என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். டேஷ்போர்டில் லிஃப்ட் பட்டன் மாதிரி கியர் பொத்தான்கள் இருக்கும். பொத்தானை அமுக்கிக்கொண்டு வந்தவர்கள் நான்கு கியர் தடி பிடித்தவர்களைத் தோற்கடித்தபோது பலருக்கு அதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. அந்த மனம் எனக்குப் புரிகிறது, மிலானில் எனக்கும் அதேதான் நடந்தது. டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. இரண்டையும் தனித்தனி வகுப்பாகவே வைத்தது. இன்றும் அதன் ஸ்டாக் பிரிவுகளில் ஆட்டோமேட்டிக் காரின் வகுப்புப் பெயரில் ‘ஏ’ என்று ஓர் எழுத்துக் கூடுதலாக இருக்கும்.

மேனுவல் பக்கத்திலும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். வடக்குக் கரோலினாவின் பர்லிங்டனைச் சேர்ந்த ரானி சாக்ஸ் நான்கு கியர் பாக்ஸை மாற்றுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்ததாகச் சொல்வார்கள். 1970இல் ப்ரோ ஸ்டாக் என்ற பிரிவு தொடங்கியபோது, கலிஃபோர்னியா பொமோனாவில் நடந்த முதல் போட்டியின் இறுதிச் சுற்றில் அவரும் பில் ஜென்கின்ஸும் மோதினார்கள். ஜென்கின்ஸின் கமரோ ஜெயித்தது. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கில் கியர்கள் மூன்றுதான், ஒன்றுக்கும் மற்றதற்கும் பெரிய இடைவெளி, கன்வெர்ட்டரில் நழுவல் அதிகம். கை தேர்ந்த ஒருவர் அதை வெல்ல முடிந்தது. நன்றாக ஓட்டினால் மேனுவல்தான் வேகம் என்ற பேச்சு அப்போது பிறந்தது. அப்போது அது உண்மையும்கூட.

ஒரு கியர்பாக்ஸால் டிராக் ரேஸ் முழுவதுமே மாறிப்போன கதையையும் சொல்லியாக வேண்டும். 1970 மார்ச் 8. லாங் பீச் அருகே லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். டான் கார்லிட்ஸ், அந்தக் காலத்தில் அந்த விளையாட்டின் மிகப்பெரிய பெயர். டிராக்ஸ்டர் என்ற அப்போதைய ரேஸ் வண்டிகளில் இன்ஜின் முன்னால், ஓட்டுநர் பின்னால், கியர்பாக்ஸ் அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே. வண்டி கிளம்பிய நொடியில் அவருடைய இரண்டு கியர் பாக்ஸ் வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு வண்டியைக் கட்டி 1971இல் பொமோனாவுக்கு வந்து ஜெயித்தார். சில வருஷங்களுக்குள் முன்புற இன்ஜின் டிராக்ஸ்டர் என்பதே வழக்கொழிந்தது. இன்று டாப் ஃப்யூயல் என்ற வேகமான டிராக்ஸ்டர் வகுப்பில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு விபத்தின் தொடர்ச்சி.

வேகமான மேனுவல் காரில் கிளட்ச்சைச் சுற்றிக் கனமான இரும்புக் கவசம் கட்டாயம் என்று விதி இருப்பதும் இந்த மாதிரிக் காரணத்தால்தான். 6,000, 7,000 சுற்றில் ஒரு தட்டு உடைந்தால் அது துண்டுத் துண்டாகத் தரையையும் காலையும் பிய்த்துக்கொண்டு போகும். மேனுவலில் பவர் ஏற்ற நினைப்பவர்கள் டர்போவுக்கு முன்னால் அந்தக் கவசத்தை வாங்குங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

இன்றைய டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டரில் கியர்பாக்ஸே கிடையாது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். 11,000 குதிரைத் திறன் என்கிறார்கள். முன்னோக்கி ஒரே விகிதம், பின்னால் வர ஒரு ரிவர்ஸ். பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்று, நேரக் கணக்கு வைத்து, படிப்படியாக இறுகும். 1,000 அடியைக் கடக்கும் நான்கு வினாடிக்கும் குறைவான நேரத்தில் பெரும்பகுதி அது வழுக்கிக்கொண்டேதான் போகிறது. ஓட்டம் முடிந்ததும் தட்டுகளைக் கழற்றிப் புதிதாகப் போடுவார்கள். ஓட்டுநரின் கால் அந்தக் கிளட்ச்சைக் கிளம்பும் முன்னால் விடுவதோடு சரி. மற்றதெல்லாம் முன்கூட்டியே மெக்கானிக் தீர்மானித்தது.

பெரிய கார் பிரிவுகளில் ப்ரோ ஸ்டாக்கில் மட்டும் கியர் தடி பிழைத்திருக்கிறது. 5 கியர், ஆறரை வினாடி, முடிவில் மணிக்கு 335 கிலோமீட்டருக்குப் பக்கம். கிளம்புவதற்கு மட்டும் கிளட்ச், அப்புறம் இன்ஜின் 10,000 சுற்றைத் தாண்டும்போதெல்லாம் ஓட்டுநர் கையால் இழுத்துக் கியர் மாற்றுகிறார், நான்கு முறை. 2014இல் அந்தப் பிரிவின் சாம்பியனான முதல் பெண் எரிகா எண்டர்ஸ். அவர் கிளட்ச் விடுவதை மெதுவாக ஓடும் வீடியோவில் பார்த்துத்தான் என் இடதுகாலுக்கு நான் மறுபடி பாடம் எடுத்தேன்.

இந்தப் பெரிய பெரிய வண்டிகளை விட்டுவிட்டு, சனிக்கிழமை ஸ்ட்ரிப்புக்கு வருகிற சாதாரண ஜனங்களைப் பாருங்கள். அங்கே அதிகம் நடப்பது பிராக்கெட் ரேஸ். உங்கள் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்று நீங்களே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுதிவைக்க வேண்டும். மெதுவான வண்டியை அந்த வித்தியாசத்துக்கு முன்னால் விடுவார்கள். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இங்கே வேகம் முக்கியமில்லை, சொன்ன சொல் மாறாமல் ஓடுவதுதான் முக்கியம். அதனால்தான் ஷெவர்லே 1973லேயே நிறுத்திவிட்ட பவர்கிளைட் என்ற பாக்ஸுக்கு இன்றும் புதுப் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். அதில் கியர் இரண்டே இரண்டு. ஒரே ஒருமுறை மாற்றினால் போதும், தவறுவதற்கு இடமே குறைவு. மிலானில் நான் பார்த்த ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், பழைய ஷெவி நோவாவில் பவர்கிளைட் வைத்திருந்தார். காலையிலிருந்து ராத்திரிவரை அவர் சீட்டுகளில் நூறில் இரண்டு மூன்று பங்கு வினாடிதான் ஏறி இறங்கியது. அன்று என் சீட்டுகள் அரை வினாடிக்குமேல் ஆடின. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உனக்கு ஜெயிக்கணுமா, கியர் போடணுமா?”

கடையில் வாங்குகிற கார்களிலும் கணக்கு தீர்ந்துவிட்டது. முதல் கொர்வெட் 1953இல் வந்தபோது 300 கார்கள் செய்தார்கள், எல்லாவற்றிலும் இதே பவர்கிளைட்தான். மேனுவல் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டு, 1955இல் வந்தது. 2020இல் வந்த கொர்வெட்டில் மறுபடியும் மேனுவல் இல்லை, 8 கியர் இரட்டைக் கிளட்ச் மட்டும். டாட்ஜ் 2018 மாடலாக டெமன் என்ற காரை டிராக் ஸ்ட்ரிப்புக்கென்றே செய்தது. 840 குதிரைத் திறன், கம்பெனியிலேயே டிரான்ஸ்பிரேக் மாட்டி வந்தது, கால் மைல் 9.65 வினாடி. 2023இல் அதற்குத் தம்பியாக வந்த டெமன் 170 அதை 8.91 ஆக்கியது. இரண்டிலும் மேனுவல் கிடையாது. அவர்களிடம் பலமான மேனுவல் பாக்ஸ் இல்லாமல் இல்லை, அதே குடும்பத்து ஹெல்கேட்டில் 6 கியர் மேனுவல் கொடுத்தவர்கள்தான். நோக்கம் கால் மைல் என்று முடிவான பிறகு அவர்கள் அதைத் தொடவில்லை.

இரட்டைக் கிளட்ச் பாக்ஸைப் பற்றி ஒரு வரி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. மாற்றும் வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. போர்ஷே 1980களிலேயே இதைத் தன் பந்தயக் கார்களில் சோதித்தது. ஆனால் அதுவும் உராய்வுத் தட்டுதான், கன்வெர்ட்டர் மாதிரி விசையைக் கூட்டிக் கொடுக்காது. கனமான, பின்சக்கர இழுவை உள்ள, பெரிய பலம் கொண்ட டிராக் காருக்கு நான் கன்வெர்ட்டரையே தேர்ந்தெடுப்பேன்.

இவ்வளவு எழுதிவிட்டு நான் இன்னும் மேனுவல் ஓட்டுகிறேன். அதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

தெருவில் ஓடும் கார் என்பது வேறு. என் கார் வருஷத்தில் பத்து நாள்கூட ஸ்ட்ரிப்புக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் அது வேலைக்குப் போகிறது, ஏரிக்கரைச் சாலையில் போகிறது, இலையுதிர்காலத்தில் வடக்கே காட்டுப் பக்கம் போகிறது. அங்கே கடிகாரம் கிடையாது. வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியருக்கு இறக்கி, இன்ஜின் சத்தம் ஏறுவதை அப்பா சொன்ன மாதிரி காதில் கேட்டு, வெளியே வரும்போது மிதிப்பதில் எனக்குக் கிடைப்பது எந்தச் சீட்டிலும் அச்சாகாது. அது எனக்கு மட்டும் இருக்கும் ஆசையுமில்லை. 2013இல் போர்ஷே 911 ஜிடி3 காரை மேனுவல் இல்லாமல் விற்றது. கேட்டவர்களின் குரல் ஓயவே இல்லை, 2017இல் மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019இல் ஆட்டோமேட்டிக்காக மட்டும் வந்த புது சூப்ராவுக்கும் 2022இல் அப்படியே நடந்தது. இரண்டிலும் மேனுவல்தான் மெதுவானது. வாங்கியவர்களுக்கு அது தெரியும்.

அதேபோல டிராக்குக்கென்று ஆழமாகத் தயாரித்த ஆட்டோமேட்டிக் தெருவில் சுகமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 4,500 ஸ்டால் வைத்த கன்வெர்ட்டர் சிக்னலுக்கு சிக்னல் இன்ஜினைக் கத்தவைக்கும், வண்டியோ சோம்பலாக நகரும். நழுவும் எண்ணெய் கொதிக்கும், தனியாகப் பெரிய கூலர் வேண்டும். எண்ணெய் கருகினால் பாக்ஸ் போயிற்று. தெருவிலும் ஓட வேண்டும் என்றால் ஸ்டாலை 3,000க்குள் வைத்து, ஓடும்போது பூட்டிக்கொள்ளும் லாக்கப் உள்ள கன்வெர்ட்டரைப் போடுங்கள்.

மேனுவலை வைத்துக்கொண்டே ஸ்ட்ரிப்புக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவம்: முதலில் டயர், அப்புறம் கிளட்ச், கடைசியில் இன்ஜின். நான் பின்னால் மட்டும் டிராக் ரேடியல் டயர் போட்டேன். காற்றைக் குறைத்தேன். கிளம்பும் சுற்றை 4,000லிருந்து 3,200க்கு இறக்கி, கிளட்ச்சைப் படக்கென்று விடாமல் ஒரு மூச்சு நேரம் வழுக்கவிட்டேன். இரண்டு கோடைகாலம் இதையே செய்தேன். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது தடியை இறுக்கிப் பிடித்து இழுக்காமல் உள்ளங்கையால் தள்ளக் கற்றுக்கொண்டேன். இறுக்கிப் பிடித்தால் மூன்றாவதற்குப் பதில் முதலாவதை நோக்கிக் கை போகும். அது விழுந்துவிட்டால் இன்ஜின் அதோடு முடிந்தது. முதல் 60 அடி 2.2லிருந்து 1.95 ஆனது. கால் மைல் 12.7. இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

நண்பரின் 12.4ஐ நான் இன்னும் தொடவில்லை. தொடவும் மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சீட்டில் வரும் எண்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள், மறுபேச்சே இல்லை. டர்போவோடு பெரிய பலம் ஏற்றப்போகிறீர்கள் என்றாலும் ஆட்டோமேட்டிக்தான். தினமும் ஓட்டும் காரில் உங்கள் கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும் என்றால் மேனுவல் வாங்குங்கள், எட்டு கார் நீளம் தோற்கத் தயாராக இருங்கள், கிளட்ச் மாற்றும் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள்.

எந்த பாக்ஸாக இருந்தாலும் பந்தயம் தெருவில் வேண்டாம். இங்கே டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையானாலும் சரி, ஊரில் ஈசிஆரானாலும் சரி, ராத்திரி இரண்டு மணிக்குக் காலியாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் சாலையில் யாரோ ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஸ்ட்ரிப்பில் இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது, தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. அங்கே வாருங்கள். சீட்டு கையில் கிடைத்ததும் கடைசி வரிக்கு ஓடாமல், முதலில் அந்த 60 அடி எண்ணைப் பாருங்கள்.